படுத்தே கிடக்க விடாதீர்கள்!

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் சாலையில் இருக்கிறது உலு திராம். அந்தப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், ஆபத்து எப்படி வருமென்று. குலை தலைக்கு மேலிருந்து விழுகிறது. டிராக்டர் கவிழ்கிறது. வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள் சறுக்குகிறது. எல்லாம் ஒரு நொடிதான். நேற்றுவரை மரத்தடியில் நின்றவர், முதுகுத்தண்டு அடிபட்டுக் கட்டிலில் கிடக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? “பாவம், அவரை அசைக்காதே” என்கிறோம். சோற்றை ஊட்டுகிறோம், தலையணையை உயர்த்துகிறோம். இது அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் டாக்டர் ‘இனி அசையலாம்’ என்று சொன்ன பிறகும் இப்படியே வைத்திருந்தால், அந்த அன்பே அவருக்குக் கேடாக முடியும்.

வேலூர் டாக்டரம்மா

டாக்டர் மேரி வர்கீஸ் என்ற பெண்மணியின் கதையைக் கேளுங்கள். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பணியாற்றிய அவர், 1954-ல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்கள் செயலிழந்தார். அவர் படுத்தே கிடந்தாரா? இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட அவரே காரணமாக இருந்தார். கால் போனாலும் கையின் பலத்தை அவர் விட்டுவிடவில்லை.

தசை ஏன் கரைகிறது?

மூளையிலிருந்து வரும் கட்டளை அடிபட்ட இடத்தில் அறுந்துபோகிறது. வேலையற்ற தசை சில வாரங்களிலேயே சுருங்கத் தொடங்கும். மூட்டுகள் இறுகும். எலும்பும் மெலியும். தசை குறைந்த உடம்புக்குச் சாப்பாடும் குறைவாகவே தேவை. பழைய அளவே சாப்பிட்டால் அது கொழுப்பாகிச் சர்க்கரை நோயை அழைத்துவரும்.

வீட்டார் செய்யவேண்டியது

முதலில் பிசியோதெரபி செய்பவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு தினமும் செயலிழந்த கால், கை மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டுங்கள். வெடுக்கென்று இழுக்கவேண்டாம். மெலிந்த எலும்பு முறிந்தால்கூட அவருக்கு வலி தெரியாமல் போகலாம். இந்தப் பயிற்சியால் தசை பெருகாது. ஆனால் மூட்டு இறுகாமலிருக்க இது உதவும்.

படுத்திருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுங்கள். உட்கார்ந்திருப்பவர் அரை மணிக்கு ஒருமுறையாவது முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பாரத்தை மாற்றவேண்டும். படுக்கைப் புண் வந்தால் பயிற்சி, சாப்பாடு எல்லாமே கெட்டுப்போகும்.

அவர் செய்யவேண்டியது

பலமுள்ள தசைகளுக்கு வேலை கொடுக்கவேண்டும். பல நாட்டு நிபுணர்கள் கூடி 2018-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது, மூச்சு வேகமாகும்படி 20 நிமிடம் பயிற்சி செய்யவேண்டும்; அத்துடன் முக்கியத் தசை ஒவ்வொன்றுக்கும் மூன்று சுற்றுப் பாரப் பயிற்சி வேண்டும் என்கிறார்கள். இதற்குக் கடைக்குப் போய்ப் பணம் செலவழிக்க வேண்டாம். அரை லிட்டர் போத்தலில் தண்ணீரோ மணலோ நிரப்பினால் அதுவே பாரம். சக்கர நாற்காலியைத் தாமே உருட்டிக்கொண்டு லயத்தைச் சுற்றி வருவதும் பயிற்சிதான். தோள் வலித்தால் நிறுத்திக் கேளுங்கள். இனி அவருக்குத் தோள்தான் கால்!

அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. எனவே உச்சி வெயில் வேண்டாம், காலையிலோ மாலையிலோ செய்யட்டும். நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று கடும் தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை கண்டால் அலட்சியம் கூடாது. உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள். உடையைத் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு!

தட்டில் என்ன வைப்பது?

சோற்றைக் குறைத்துப் புரதத்தைச் சேருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. நூறு கிராம் மீனிலோ தெம்பேயிலோ ஏறக்குறைய 20 கிராம். இவற்றோடு பருப்பு, தவ்வு, பால். எல்லாம் நம் பாசாரில் கிடைப்பவைதானே! படுக்கைப் புண் இருந்தால் இன்னும் கூடுதல் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டே கொடுங்கள். மலச்சிக்கலுக்கு முருங்கைக்கீரையும் பப்பாளியும் நல்லவை. தண்ணீர் எவ்வளவு என்பதை டாக்டர் சொன்னபடி கொடுங்கள். டின் பால் தேத்தண்ணீரைக் குறையுங்கள்.

உதவி எங்கே?

வேலையிலோ, வேலைக்குப் போகும் வழியிலோ அடிபட்டவர் சொக்சோவில் பதிந்தவரானால் உடனே மனுச் செய்யுங்கள். மலாக்காவில் 2014-ல் தொடங்கிய சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அங்கே சேர வழியுண்டா என்று சொக்சோ அலுவலகத்தில் கேளுங்கள். “எழுதத் தெரியாதே” என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். படித்த பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று. அவரால் தாமே எடுத்துக் குடிக்க முடிந்த தண்ணீரை நீங்கள் ஊட்டாதீர்கள். கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு நகருங்கள். முதல் நாள் கொஞ்சம் சிந்தும். சிந்தட்டுமே! அந்தக் கைக்கு அதுதான் முதல் பயிற்சி.