வௌவாலுக்கும் விசாவுக்கும் நடுவே ஒரு பணிப் பயிற்சி

இங்கிலாந்தில் பழைய கொட்டகை ஒன்றை இடித்துவிட்டு வீடு கட்ட நினைப்பவர், கட்டட வரைபடத்தோடு இன்னொரு காகிதத்தையும் உள்ளாட்சி மன்றத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். கொட்டகையின் கூரையில் வௌவால் தங்குகிறதா இல்லையா என்று சொல்லும் அறிக்கை அது. தங்குகிறது என்றால் உரிமம் வாங்காமல் கூரையைத் தொட முடியாது. அன்றைக்கு அங்கே ஒரு வௌவால்கூட இல்லாமல் இருக்கலாம். வழக்கமாக வந்து தங்கும் இடம் என்று தெரிந்தாலே போதும், சட்டம் அந்த இடத்தைக் காக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, உச்சவரம்பு இல்லாத அபராதம்.

இந்த அறிக்கையை அரசு அதிகாரி எழுதுவதில்லை. நிலத்துக்காரரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு தனியார் நிறுவனம் ஒன்று ஆய்வு செய்து எழுதித் தருகிறது. சூழலியல் ஆலோசனை என்ற தொழில் இதுதான். இரண்டே பேர் வீட்டிலிருந்து நடத்தும் நிறுவனமும் இதில் உண்டு; பல நாடுகளில் கிளை பரப்பிய பொறியியல் நிறுவனத்தின் சூழலியல் பிரிவும் உண்டு. விலங்கியலோ தாவரவியலோ படித்துவிட்டு, ஆராய்ச்சி, ஆசிரியர் பணி இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்குப் பிரிட்டனில் திறந்திருக்கும் முக்கியமான வாசல் இது. அந்த வாசலுக்குள் கால் வைக்க முதுகலை மாணவர்கள் சில வாரங்களோ சில மாதங்களோ இத்தகைய நிறுவனங்களில் பணிப் பயிற்சி எடுக்கிறார்கள்.

மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, உதகை அரசுக் கலைக் கல்லூரி போன்ற இடங்களில் வனவிலங்கு உயிரியலும், மற்ற கல்லூரிகளில் விலங்கியலும் தாவரவியலும் படித்துவிட்டுப் பிரிட்டனில் முதுகலை சேர நினைக்கும் மாணவர்களின் கண்ணில் இந்தப் பயிற்சி படாமல் போகாது. பல்கலைக்கழகங்கள் அதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகின்றன. ஆனால் அது எந்த மாதத்தில் நடக்கும், விசா அதற்கு இடம் கொடுக்குமா, சம்பளம் உண்டா என்ற கேள்விகளுக்கு விளம்பரத்தில் பதில் இருக்காது. என் பார்வையில், எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட எந்த மாதம் என்பதுதான் இந்தத் துறையில் பெரிய கேள்வி.

சட்டம் கொடுக்கும் வேலை

1981-ன் வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டம், 1992-ன் பேட்ஜர் பாதுகாப்புச் சட்டம், 2017-ன் வாழிடம் மற்றும் உயிரினங்கள் விதிகள் ஆகிய மூன்றும்தான் இந்தத் தொழிலின் பழைய அடித்தளம். வௌவால், நீர்நாய், டார்மவுஸ் என்னும் சிறு கொறிவிலங்கு, கிரேட் கிரெஸ்டட் நியூட் என்ற வாலுள்ள நீர்நில வாழ்வி எல்லாம் இவற்றின் பாதுகாப்பில் வருகின்றன. நியூட் இனத்தை இந்தியாவில் பார்க்க வேண்டுமென்றால் டார்ஜிலிங் பக்கமோ வடகிழக்கு மலைகளுக்கோ போக வேண்டும். தமிழ்நாட்டு மாணவர் பெரும்பாலும் அதைப் பிரிட்டனில்தான் முதன்முதலாகப் பார்ப்பார்.

அண்மையில் இந்த அடித்தளத்தின் மேல் இன்னொரு மாடி எழுந்தது. 2021-ன் சுற்றுச்சூழல் சட்டப்படி, இங்கிலாந்தில் கட்டுமானம் முடிந்த பிறகு இயற்கை வாழிடத்தின் மதிப்பு முன்பு இருந்ததைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடியிருக்க வேண்டும். அதை 30 ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும். பெரிய திட்டங்களுக்கு 2024 பிப்ரவரி 12 முதலும், சிறியவற்றுக்கு ஏப்ரல் 2 முதலும் இது கட்டாயமானது. மதிப்பு என்பது கண்மதிப்பு அல்ல. அரசு வகுத்த கணக்கு முறை இருக்கிறது. நிலத்தில் எந்த வகை வாழிடம், எவ்வளவு பரப்பு, என்ன நிலையில் என்று நிரப்ப வேண்டும். புல்வெளி என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. ஒரு சதுர மீட்டருக்குள் எத்தனை வகைச் செடி என்று முழந்தாளிட்டு எண்ணித்தான் அதன் தரத்தைச் சொல்ல வேண்டும். பூக்காத புல்லை இலையையும் தண்டையும் வைத்தே அடையாளம் சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடியது இப்படித்தான்.

குளத்தங்கரையில் என்ன நடக்கிறது

பயிற்சிக்கு வரும் மாணவர் முதல் வாரத்தில் பெரும்பாலும் அலுவலகத்தில்தான் இருப்பார். வரைபடத்தில் நிலத்தைச் சுற்றியுள்ள குளங்களைக் குறிப்பது, பழைய உயிரினப் பதிவுகளைத் தேடி எடுப்பது, அறிக்கைக்கு அட்டவணை போடுவது என்று நாள் ஓடும். இந்த வேலையின் உண்மையான முகம் வெளியில் இருக்கிறது.

நியூட் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். பருவம் மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடு வரை. அதிலும் ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை உச்சம். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, தலைகீழாகத் திருப்பி உள்ளே செருகி, மூங்கில் குச்சியில் கோத்து, மாலையில் கரையோரம் சாய்த்து நடுகிறார்கள். நம் வயல் வாய்க்காலில் மீனுக்குக் கட்டும் கூட்டின் சூத்திரமேதான்: உள்ளே போகும் வழி அகலம், வெளியே வரும் வழி குறுகல். ஒரு வேறுபாடு உண்டு. மாட்டிய உயிர் சாகக் கூடாது என்பதால் பாட்டிலுக்குள் காற்றுக் குமிழி நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். விடிந்ததும் வந்து எடுத்துவிட வேண்டும். உரிமம் பெற்றவர் உடனில்லாமல் இதைச் செய்ய முடியாது.

இப்போது பல இடங்களில் பாட்டிலுக்குப் பதில் குளத்து நீரே போதும். கரையைச் சுற்றி 20 இடங்களில் 30 மில்லி வீதம் அள்ளி, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து 15 மில்லி வீதம் எத்தனால் ஊற்றிய ஆறு குழாய்களில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். நியூட் விட்டுச் சென்ற மரபணுத் துணுக்கு நீரில் இருந்தால் தெரிந்துவிடும். அள்ளும்போது நீருக்குள் கால் வைக்கக் கூடாது, கையுறை மாற்ற மறக்கக் கூடாது. வேறொரு குளத்தின் சேறு பூட்ஸில் ஒட்டி வந்தால் முடிவே பொய்யாகிவிடும். பயிற்சி மாணவரின் பொறுமை தெரிந்துவிடும் இடம் இது.

மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை வௌவால். சூரியன் மறைவதற்கு 15 நிமிடம் முன்பே கட்டடத்தை நோக்கி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். மறைந்தபின் ஒன்றரை மணி நேரமாவது எழக் கூடாது. இங்கிலாந்தின் வடபகுதியில் ஜூன் மாதம் பொழுது சாய்வதே ஏறக்குறைய இரவு பத்து மணிக்கு என்பதால், வீடு திரும்ப நள்ளிரவு ஆகும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைக் கேட்கும்படி மாற்றித் தரும் கருவி கையில் இருக்கும். காமன் பிபிஸ்ட்ரெல் என்ற வௌவால் இனம் ஏறக்குறைய 45 கிலோஹெர்ட்ஸில் அழைக்கும், சொப்ரானோ பிபிஸ்ட்ரெல் 55-ல். பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது மாணவரின் முதல் பாடம். வௌவால் பாதுகாப்பு அறக்கட்டளை 2023-ல் வெளியிட்ட நான்காம் பதிப்பு வழிகாட்டிக்குப் பிறகு அகச்சிவப்புக் கேமரா வைப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் படப்பதிவை மறுநாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பவரும் பெரும்பாலும் பயிற்சி மாணவர்தான்.

குளிர்காலத்திலும் கொஞ்சம் வேலை உண்டு. ஹேசல் மரத்தடியில் கொட்டை பொறுக்குவது அதில் ஒன்று. ஓட்டின் துளை விளிம்பு உள்பக்கம் வழவழப்பாக இருந்தால் டார்மவுஸ் தின்றது. விளிம்புக்குக் குறுக்கே பல்தடம் வரிவரியாக இருந்தால் காட்டெலி. ஒரு கொட்டை ஓடு ஒரு குடியிருப்புத் திட்டத்தின் வரைபடத்தையே மாற்றக்கூடும்.

காலண்டர் போடும் முட்டுக்கட்டை

ஆக, வேலை குவியும் மாதங்கள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. பிரிட்டனில் ஓராண்டு முதுகலை பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கி அடுத்த செப்டம்பரில் முடிகிறது. கோடை மாதங்களில் வகுப்பு இருக்காது, ஆய்வேடு எழுதுவார்கள். வகுப்பு இல்லையே, முழுநேரம் வேலை பார்க்கலாமே என்று பலர் நினைக்கிறார்கள். மாணவர் விசாவின் கணக்கில் முதுகலை மாணவரின் ஆய்வேட்டுக் காலமும் பாடக் காலம்தான். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. படிப்பு முடிந்து, விசாவில் மிச்சமிருக்கும் மாதங்களில் முழுநேரம் வேலை பார்க்கலாம். அதற்குள் அக்டோபர் வந்திருக்கும். வௌவால் குளிர்கால உறக்கத்துக்குத் தயாராகியிருக்கும்.

இன்னொரு கண்ணி, சுயதொழில். இரவு நேர வௌவால் கணக்கெடுப்புக்குப் பல நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுக்கின்றன. ஒரு மாலைக்கு இவ்வளவு என்று பில் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதி இல்லை. சக மாணவர் செய்கிறாரே என்று இறங்கினால் விசாவுக்கே ஆபத்து. அந்தச் சக மாணவர் அந்நாட்டுக் குடிமகனாக இருப்பார்.

இந்த முட்டுக்கட்டைக்கு நேரான வழி ஒன்று உண்டு. பணிப் பயிற்சி படிப்பின் மதிப்பெண்ணுக்குரிய பகுதியாகவே இருந்தால் 20 மணி நேர வரம்பு அதைத் தடுக்காது. மொத்தப் படிப்பில் அது எவ்வளவு பங்கு இருக்கலாம் என்பதற்கு மட்டும் வரம்பு உண்டு. அதனால்தான் சில பல்கலைக்கழகங்கள் முதுகலையை இரண்டாண்டாக நீட்டி நடுவே பயிற்சியை வைக்கின்றன. செலவு கூடும். ஆனால் ஒரு முழுப் பருவம் கையில் கிடைக்கும்.

விசாவுக்கு உதவும் இந்த ஏற்பாடு சம்பளத்தில் தலைகீழாகிறது. படிப்பின் கட்டாயப் பகுதியாக அமைந்த, ஓராண்டுக்கு மேற்படாத பயிற்சிக்குப் பிரிட்டனின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. நிறுவனம் மனம்வைத்தால் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். படிப்புக்கு வெளியே ஒரு நிறுவனம் வேலை வாங்கினால் ஊதியம் கொடுத்தாக வேண்டும். 2025 ஏப்ரலில் 21 வயது நிறைந்தவருக்கு மணிக்கு 12.21 பவுண்டு என்று அந்த அளவு இருந்தது. காசில்லாத பயிற்சியை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் தாங்க முடியும் என்ற குறை அந்நாட்டுத் துறைக்குள்ளேயே உண்டு. கடன் வாங்கிப் போகும் மாணவர் அதை இரண்டு மடங்காக உணர்வார்.

படிப்புக்குப் பின் கிடைக்கும் பட்டதாரி விசாவில் சுயதொழில் உட்பட ஏறக்குறைய எல்லா வேலையும் செய்யலாம். 2026 இறுதிவரை விண்ணப்பிப்போருக்கு அது 2 ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதம். மற்ற துறையினருக்கு இது ஆறு மாத இழப்பு. இங்கே இரண்டு பருவம் ஒன்றரைப் பருவமாகிறது. அதன்பின் திறன் தொழிலாளர் விசா வேண்டுமானால் 2025 ஜூலை 22 முதல் பொது ஊதிய வரம்பு 41,700 பவுண்டு, புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கு 33,400. உதவிச் சூழலியலாளர் பணிக்கு வரும் தொடக்கச் சம்பளம் இதற்கு எட்டாது. மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர்கள் சொல்லாமல் விடும் செய்தி இது.

பயிற்சிக்குப் போகுமுன்

கார் ஓட்டத் தெரியாதவருக்கு இந்தத் துறையில் வேலை கடினம். குளமும் கொட்டகையும் பேருந்து போகாத ஊரில் இருக்கும், வேலை நள்ளிரவில் முடியும். இந்திய உரிமத்தை வைத்துக் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதற்குள் அந்நாட்டு உரிமம் எடுத்துவிட வேண்டும். தாவர அறிவுக்கு, பிரிட்டன் மற்றும் அயர்லாந்து தாவரவியல் சங்கத்தின் பெயரில் நடக்கும் கள அடையாளத் தேர்வு உண்டு. அதில் எடுக்கும் நிலை எண்ணை நிறுவனங்கள் விரும்பிப் பார்க்கின்றன. கியூ.ஜி.ஐ.எஸ். வரைபட மென்பொருள் இலவசம், ஊரிலிருந்தே பழகலாம். பருவகாலப் பணிக்கான விளம்பரங்கள் ஜனவரி, பிப்ரவரியிலேயே வரத் தொடங்கும். ஏப்ரலில் தேடினால் பிந்திவிட்டது என்று பொருள்.

தொழிலின் மேல் அரசியல் காற்றும் அடிக்கிறது. லண்டனிலிருந்து பர்மிங்ஹாம் போகும் எச்.எஸ்.2 அதிவேக ரயில் பாதையில், பக்கிங்ஹாம்ஷயரின் ஷீப்ஹவுஸ் காட்டையொட்டி வௌவால்களைக் காக்க ஏறக்குறைய 900 மீட்டர் நீளத்தில் கட்டும் கூண்டுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் ஆகிறது என்று 2024 நவம்பரில் எச்.எஸ்.2 நிறுவனத்தின் தலைவர் சொன்னதும் பெரிய வாதம் கிளம்பியது. நியூட்டுக்குக் குளம் குளமாகக் கணக்கெடுப்பதற்குப் பதில் பொது நிதியில் பணம் கட்டிவிட்டுக் கட்டலாம் என்ற ஏற்பாடு ஏற்கெனவே பல மாவட்டங்களில் இருக்கிறது. அந்த வழி விரிந்தால், மாணவர் கற்கும் கணக்கெடுப்புகளில் சில குறையலாம். வாழிட மதிப்பீடு நிற்கும். செடி தெரிந்தவருக்கு ஆபத்து குறைவு.

ஊர் திரும்புவோருக்கும் இது வீண் போகாது. இந்தியாவில் 2006 அறிவிக்கையின் கீழ் நடக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் சூழலியலுக்கென்று அங்கீகாரம் பெற்ற வல்லுநர் வேண்டும். நியூட் அறிவு இங்கே உதவாது. பருவம் தவறாமல் போவது, பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுவது ஆகிய இரண்டும் உதவும். இங்கும் அங்கும் கட்டணம் கொடுப்பவர் கட்டடம் கட்டுபவரே என்பதால், இரண்டாவது பழக்கம் எளிதானதல்ல.

சேர நினைப்பவர்கள் விண்ணப்பத்தோடு ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். பயிற்சி மதிப்பெண்ணுக்குரியதா, எந்த மாதங்களில், நிறுவனத்தைத் தேடுவது பல்கலைக்கழகமா மாணவரா, ஊதியமும் பயணச் செலவும் உண்டா என்று கேளுங்கள். விசா விதியைப் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். எழுத்தில் பதில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.