கைக்கு இடம் தரும் வடிவமைப்பு

திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணில்களின் புகலிடமான இக்காடு, 2021ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தைச் சார்ந்தது. காட்டை ஒட்டிய தோப்புகளில் யானைகள் இறங்குவதுண்டு. இரவுக் காவலுக்குச் செல்வோர்க்குக் கைவிளக்கே துணை. அது பழுதானால் ஊரிலேயே சரிசெய்ய இயலுமா? அவ்விளக்கினுள் உள்ள மின்சுற்றுப் பலகையின் வடிவமைப்பைப் பொறுத்தே இதற்கான விடை அமைகிறது.

இக்கால விளக்குகள் பலவற்றில், கம்பிக்கால்கள் இல்லாமல் பலகையின் மேற்பரப்பிலேயே பொருத்தப்படும் எல்.இ.டி.கள் உள்ளன. அவற்றுள் 2835 என்பது ஒருவகை. 2.8 மில்லிமீட்டர் அகலம், 3.5 மில்லிமீட்டர் நீளம் என்னும் அளவுகளே அதற்குப் பெயராயின. எல்.இ.டி.யின் இரு முனைகளும் பலகையில் அமரும் செப்புத் திட்டுகளைப் 'பேடு' என்பர்.

தொழிற்சாலையில் பேடுகளின்மீது பற்றாசுப் பசையைத் தடவி, உறுப்புகளை வைத்து, பலகை முழுவதையும் சூட்டடுப்பில் செலுத்துவர். எனவே, பேடு உறுப்பின் அடியில் மறைந்திருந்தாலும் இணைப்பு உருவாகும். கையால் பற்றவைக்கும்போது நிலை வேறு. பற்றவைப்புக் கோலின் நுனி, பேடு, உறுப்பின் முனை ஆகிய இரண்டையும் ஒருசேரத் தொடவேண்டும். ஆகவே, பேடு உறுப்பின் விளிம்பைத் தாண்டி வெளிப்புறமாக ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீண்டிருத்தல் நலம். உட்புறமாக நீட்டுவது தவறு. இரு பேடுகளுக்கிடையே இடைவெளி குறைந்தால் உருகிய பற்றாசு அவற்றை இணைத்துவிடும்; மின்னோட்டம் எல்.இ.டி.யைத் தவிர்த்துச் செல்ல, விளக்கு எரியாது.

வெப்பத்தையும் கருதவேண்டும். 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரி செல்சியசில் உருகும். பேடு அகன்ற செப்புப் பரப்போடு முழுமையாக இணைந்திருந்தால், கோலின் வெப்பத்தை அப்பரப்பு ஈர்த்துக்கொள்ளும். பற்றாசு உருகத் தாமதமாகும். நெடுநேரம் சூடேற்றினால் எல்.இ.டி. கெடும், பேடும் பலகையிலிருந்து பெயர்ந்துவிடும். இதனைத் தவிர்க்க, மெல்லிய செப்புப் பட்டைகளால் பேட்டைப் பரப்போடு இணைப்பர். ஆயினும், ஆற்றல் மிகுந்த எல்.இ.டி. ஒளிரும்போது எழும் வெப்பம் வெளியேறச் செப்புப் பரப்பு தேவை. இவ்விரு தேவைகளையும் சீர்தூக்கி முடிவெடுப்பதே வடிவமைப்பாளரின் திறன்.

எதிர்மின்வாயைக் காட்டும் குறியை, உறுப்பை வைத்த பின்னும் தெரியுமாறு அதன் வெளியே அச்சிட வேண்டும். திசை மாறினால் எல்.இ.டி. ஒளிராது.

வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் மிகச் சிறிய அளவே. ஆனால், அவ்விடம் இருந்தால் சிற்றூர்ப் பழுதுநீக்குபவரின் கை அங்கே நுழையும். குப்பைக்குச் செல்லவிருந்த விளக்கு அன்றிரவே தோப்புக்குத் திரும்பும்.