சூட்டோடு சூடாகப் பார்க்க வேண்டிய கோளாறு

கத்திரி வெயில் காலத்தில் சென்னை பெசன்ட் நகர் அவென்யூக்களில் தண்ணீர் லாரி நிற்காத காலை அபூர்வம். அடுக்குமாடி வாசலை ஒட்டி 12,000 லிட்டர் லாரியை நிறுத்தி, தடித்த குழாயைச் சம்ப்புக்குள் விட்டு, வால்வைத் திறந்துவிட்டு ஓட்டுநர் இன்ஜினை அணைக்கிறார். இருபது நிமிடம் போலத் தண்ணீர் இறங்குகிறது. குழாயைச் சுருட்டி மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது. வண்டி பிடிக்க மாட்டேன் என்கிறது. விடியற்காலையில் ஒரே திருப்பில் கிளம்பிய வண்டிதான். கேபினைத் தூக்கி வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடும். மாலையில் ஷெட்டுக்கு ஓட்டிப்போனால் அங்கேயும் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். பிறகு ஒருவர் பேட்டரியை மாற்றச் சொல்வார், இன்னொருவர் பம்பைக் கழற்றச் சொல்வார். இந்தக் கோளாறில் பணம் வீணாவதற்கு முக்கியக் காரணம் வண்டி ஆறிய பிறகு அதைப் பார்ப்பதுதான் என்பது என் கருத்து. சூட்டில் மட்டும் தலைகாட்டும் கோளாறுக்குச் சூடுதான் சாட்சி. அதை ஆறவிட்டுவிட்டு விசாரித்தால் யூகம்தான் மிஞ்சும்.

முதலில், இது ஏன் விசித்திரம் என்று பார்க்கலாம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். அப்படியென்றால் ஏற்கெனவே சூடாக இருக்கும் இன்ஜின் இன்னும் சுலபமாகத்தானே கிளம்ப வேண்டும்? ஆம். கம்ப்ரஷன் குறைந்த இன்ஜின் காலைக் குளிரில்தான் தகராறு செய்யும். காலையில் ஒழுங்காகக் கிளம்பும் வண்டியில் அந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். குழாய் இணைப்பில் ஏர் எடுப்பதும் அப்படியே; இரவெல்லாம் நின்ற பிறகுதான் அது அதிகம் தெரியும். பழைய பெட்ரோல் கார்களில் எரிபொருள் ஆவியாகி அடைத்துக்கொள்வதை வைத்து இதற்கும் விளக்கம் சொல்வார்கள். டீசல் கொதிக்கத் தொடங்குவதே 160 டிகிரியைத் தாண்டித்தான் என்பதால் அது இங்கே பொருந்தாது. ஓடும்போது நிற்காத வண்டி, நின்ற பிறகு கிளம்ப மறுப்பதற்கும் விடை உண்டு. இன்ஜினை அணைத்ததும் விசிறி நிற்கிறது, கூலன்ட் சுற்றுவதும் நிற்கிறது. இரும்புக் கட்டைக்குள் இருக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் பக்கத்திலுள்ள பம்ப், சென்சார், ஸ்டார்ட்டர் எல்லாவற்றுக்கும் பரவுகிறது. அணைத்த சில நிமிடங்களுக்குப் பிறகு அவை ஓடும்போது இருந்ததைவிடக் கூடுதலாகவே சூடாகின்றன. தண்ணீர் இறங்கும் இருபது நிமிடம் இதற்கென்றே அளந்து வைத்ததுபோல் அமைந்துவிடுகிறது.

சூடான வண்டியின் முன்னால் நிற்பவர் முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? இழுத்தால் விவகாரம் மின்சாரத்தில் இருக்கிறது. தாமிரக் கம்பி 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேறினால் அதன் மின்தடை கால் பங்குக்கு மேல் கூடும். தேய்ந்த கார்பன் பிரஷ், பாசி பிடித்த பேட்டரி முனை, தளர்ந்த எர்த் ஒயர் ஆகியவை குளிரில் எப்படியோ சமாளித்துவிட்டு, இந்தக் கூடுதல் சுமையில் கைவிட்டுவிடும். பேட்டரியை மாற்றும் முன், செல்ஃப் சுற்றும்போது தடித்த கேபிளின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் போதும். அந்த ஒரு கேபிளிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் காணாமல் போனால், குற்றவாளி கேபிளோ அதன் இணைப்போதான்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் கண் சைலன்சருக்குப் போக வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. சூட்டில் கிளம்பாத வண்டிகளில் பெரும்பாலும் பார்ப்பது இந்த இரண்டாவது நிலையைத்தான். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் இன்ஜின் என்றால், சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம். எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணைத் தரும் கிராங்க் சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் சூட்டில் விரிந்து துண்டித்துக்கொள்ளும், ஆறினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். இன்ஜின் சுற்றுவதே தெரியாத கம்ப்யூட்டர் டீசலைத் திறந்துவிடாது. எண் சரியாக வந்தால் கடைசிச் சந்தேகம் டீசலின் அழுத்தம். வண்டி கொஞ்சம் ஓடித் தேய்ந்ததாக இருந்தால் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

பம்புக்குள்ளும் இன்ஜெக்டருக்குள்ளும் உருளைக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். அதில் ரப்பர் சீல் எதுவும் இல்லை. டீசலின் கெட்டித்தன்மையே சீல். 40 டிகிரியில் இருப்பதைவிட 80 டிகிரியில் டீசல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீர்த்துவிடும். இடைவெளியின் கணக்கு இன்னும் கொடுமையானது: அது இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். தேய்ந்த பாகத்தில் நீர்த்த டீசல் சேரும்போது, செல்ஃப் சுற்றும் குறைந்த வேகத்தில் பம்ப் அனுப்புவதெல்லாம் ரிட்டர்ன் வழியாகவே திரும்பிப் போய்விடும். காமன் ரயில் இன்ஜின்களில் ‘ரயில்’ எனப்படும் பொதுக் குழாயின் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொடும்வரை கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. பல வண்டிகளில் அது 150 முதல் 200 பார் வரை. சூட்டில் அந்த எண் 100-க்குப் பக்கத்திலேயே தயங்கி நின்றுவிட்டால் வண்டி எப்படிக் கிளம்பும்? மண்ணெண்ணெய் கலந்த டீசல் இதற்கு மேல் சீரழிவு. அது நீர்த்ததும்கூட, வழவழப்பு குறைந்து பாகங்களைத் தேய்ப்பதும்கூட.

பழைய ரோட்டரி பம்ப் வண்டிகளுக்கு ஒரு கைவைத்தியச் சோதனை உண்டு. ஈரத் துணியைப் பம்பின் மேல் சுற்றிச் சில நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள். கிளம்பினால் பம்பின் தலைப்பகுதி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அருமையான சோதனை; ஆனால் அது சிகிச்சை ஆகாது. பல ஓட்டுநர்கள் ஈரத் துணியையே மாதக்கணக்கில் மருந்தாக்கிக்கொள்கிறார்கள். அவசரத்தில் வாளித் தண்ணீரைக் கொட்டினால் பம்ப் சட்டென்று சுருங்கி இறுகிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

“ஓடுகிற வண்டிக்கு இவ்வளவு விசாரணை எதற்கு, இன்ஜினை அணைக்காமல் விட்டால் போயிற்று” என்பது நியாயமான மறுப்புதான். 2019 கோடையில் பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, சென்னை லாரித் தண்ணீரை நம்பிக் கிடந்தபோது எந்த உரிமையாளர் வண்டியை ஷெட்டில் விடுவார்? ஆனால் சும்மா ஓடும் லாரி இன்ஜின் மணிக்கு 2 லிட்டர் அளவில் டீசல் குடிக்கும். தெருவில் குடியிருப்பவர்கள் அந்தப் புகையைச் சுவாசிப்பார்கள். தேய்மானமோ தன்பாட்டுக்கு வளர்ந்து, சூட்டில் வந்த தகராறு ஒருநாள் காலையிலும் வரும். 2020 ஏப்ரலில் நாடெங்கும் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் ஸ்கேனரே எல்லாம் சொல்லிவிடும் என்பது இன்னொரு வாதம். ரயில் அழுத்தம் குறைவு என்று ஸ்கேனர் சொல்லும். அடைத்த ஃபில்டராலா, பம்பாலா, இன்ஜெக்டராலா என்று ஸ்கேனர் காட்டும் எரர் கோடு சொல்லாது. அதை நம்பி நேராகப் பம்பை மாற்றியவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

கசிவைப் பிரித்துக் காட்டுவது ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனையிலும் ஒரு சிறு பாட்டிலை மாட்டிச் செல்ஃபைச் சுற்ற வேண்டும். மற்றதைவிட வேகமாக நிறையும் பாட்டில் எதுவோ அந்த இன்ஜெக்டர்தான் தேய்ந்தது. எதுவுமே நிறையாமல் அழுத்தமும் ஏறவில்லை என்றால் ஃபில்டர், அழுத்த வால்வு, பம்ப் என்று வரிசையாகப் பார்க்கலாம். பழைய வண்டியில் செய்ததுபோல் நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்தி டீசல் வருகிறதா என்று பார்ப்பது மட்டும் கூடாது. காமன் ரயில் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மெக்கானிக் பாட்டில்களோடு லாரி நிற்கும் தெருவுக்கே வந்தாக வேண்டும். ஆறிய இன்ஜினில் இதே சோதனையைச் செய்தால் எல்லாப் பாட்டிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கக்கூடும்.