பூச்சிமருந்து பிள்ளைகள் கையில் எட்டாதிருக்கட்டும்

பருத்திக்கும் கத்தரிக்கும் மருந்தடித்த பிறகு மீதி மருந்து எங்கே போகிறது? கட்டிலுக்கு அடியில், தானிய மூட்டைச் சந்தில், சமையலறை அலமாரியில். தவழும் பிள்ளைக்கும் இவை எட்டும் இடங்களே. கிணறும் டிராக்டரும் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. ஆகவே பெற்றோர் விழிப்பாக இருக்கின்றனர். சீசாவிலுள்ள ஆபத்துதான் மறந்துபோகிறது.

மருந்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றுவது அதனினும் கேடு. பக்கத்து வயல்காரர் கேட்டாரென்று சோடா பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். பெயரும் எச்சரிக்கைக் குறியும் அத்துடன் போயின. பிள்ளையின் கண்ணுக்கு அது குடிக்கும் பானம்தான். லேபிளில் உள்ள குறி சிவப்பானால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சைக் குறியுள்ளதும் நஞ்சே.

காலி டப்பாவும் அப்படித்தான். 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. மருந்து டப்பாவைக் கழுவி எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் கிராமங்களிலும் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் அது உணவுக்கு ஆகாது. காலியானதும் மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவில் துளையிட்டு நசுக்கிவிட வேண்டும்.

ஒரு தெளிப்புக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் மிச்சமே இராது. மிஞ்சினால், பம்புசெட் அறையில் பூட்டுள்ள பெட்டியில் வைக்கலாம். சாவி பெரியவரிடம் இருக்கட்டும். மருந்தடித்துத் திரும்பியவர் சோப்புப் போட்டுக் குளித்து, உடை மாற்றிய பின்பே பிள்ளையைத் தூக்க வேண்டும். மருந்து தோல் வழியாகவும் உடலில் ஏறும்.

தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வீட்டுக்குள் வரவே கூடாது. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை விடும். மூட்டையுள்ள அறையில் கதவடைத்துத் தூங்குவோர் உயிருக்கே அது ஆபத்து.

பிள்ளை மருந்தைக் குடித்துவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யும் பழக்கம் தவறானது. வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். உடலில் சிந்தியிருந்தால் உடையைக் கழற்றிச் சோப்பு நீரால் கழுவி, உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். வாயில் நீர் ஒழுகுதல், வியர்வை, கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை ஆர்கனோ பாஸ்பரஸ் மருந்தின் அறிகுறிகள். அவை தோன்றட்டும் என்று காத்திருக்கலாகாது. மருந்துச் சீசாவை லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்வது அவசியம். டாக்டர் முதலில் கேட்பது அதன் பெயரைத்தான்.