முகவரி மாறாமல் வீடு மாறுவது எப்படி?

நெய்வேலி நகரியத்தில் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குக் குவார்ட்டர்ஸ் மாறிய குடும்பத்தாரைக் கேட்டுப்பாருங்கள். சாமான்களை ஒரே நாளில் ஏற்றி இறக்கிவிடலாம். கடிதங்களோ பல நாள் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும். அஞ்சல் முகவரியில் இடமும் அடங்கியிருக்கிறது. 607106 என்று எழுதினால் அது பண்ருட்டிதான். வேறு ஊராக முடியாது.

இப்போது ஒரு பெரிய வீடுமாற்றத்தைப் பாருங்கள். மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சலைத் தேசிய தகவலியல் மையம் நடத்திவந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்துக்கு 2023இல் இதற்கான ஒப்பந்தம் கிடைத்தது. ஏறத்தாழ 12 லட்சம் பேரின் அஞ்சல் பெட்டிகள் அதன் மென்பொருளுக்கு மாற்றப்பட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வெளிவந்தது. ஆனால் முகவரிகளின் இறுதியில் வரும் 'என்ஐசி.இன்', 'ஜிஓவி.இன்' என்ற பெயர்கள் அப்படியே இருந்தன. இது எப்படி முடிந்தது?

1971இல் ரே டாம்லின்சன் '@' குறியை முகவரியில் புகுத்தியபோது, அதற்குப் பின்னால் வந்தது உண்மையிலேயே ஒரு கணிப்பொறியின் பெயர். 'இன்ன இயந்திரத்தில் இருக்கும் இன்னார்' என்பதே பொருள். இயந்திரத்தை மாற்றினால் முகவரியும் மாறியாக வேண்டும். இந்தக் கட்டு 1986இல் அவிழ்ந்தது. ஒரு பெயருக்கு வரும் அஞ்சலை எந்த இயந்திரம் வாங்கிக்கொள்ளும் என்பதைத் தனியே ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கும் முறை வகுக்கப்பட்டது. இதற்கு எம்.எக்ஸ். பதிவு என்று பெயர். நீங்கள் கடிதம் அனுப்பியதும், உங்கள் பக்கத்துச் சர்வர் முதலில் இந்தப் பதிவேட்டைக் கேட்கிறது. பிறகே கடிதத்தைக் கொண்டுபோகிறது. ஆகவே பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும், உலகத்தின் அஞ்சல் எல்லாம் புதுவீட்டுக்குத் திரும்பிவிடும்!

உடனே அல்ல. கேட்ட விடையைச் சர்வர்கள் சில மணி நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் திருத்தத்துக்குச் சில நாள் முன்பே அந்த நேரத்தை ஐந்து நிமிடம் போலக் குறைத்துவிடுவார்கள். பழைய சர்வரையும் கொஞ்சநாள் திறந்துவைப்பார்கள்.

புதுக் கடிதங்கள் இப்படி வந்துசேரும். பழையவை? ஒரு கணக்குப் போடுவோம். ஒருவரின் பெட்டியில் 10 ஜிகாபைட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் கடத்தும் இணைப்பில் அதைப் பெயர்க்க 800 நொடி ஆகும். அற்பம்தான். ஆனால் 12 லட்சம் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அதே வழியில் அனுப்பினால் 96 கோடி நொடி, அதாவது 30 ஆண்டுகள்! எனவேதான் இத்தகைய மாற்றத்தில் பல இணைப்புகள் வழியே, அலுவலகம் அலுவலகமாகப் பெயர்க்க வேண்டியிருக்கிறது.

கடவுச்சொல்லின் கதை வேறு. ஒழுங்கான சர்வர் அதை அப்படியே எழுதிவைப்பதில்லை. திரும்பப் பெற முடியாதபடி குலைத்து வைக்கிறது. ஆகவே பல சமயம் புதுச்சொல் வைக்கும்படி ஊழியர்களைக் கேட்பார்கள். மோசடிக்காரர்கள் காத்திருப்பதும் இந்த நேரத்துக்குத்தான். "உங்கள் பெட்டி மாற்றப்படுகிறது, இங்கே கடவுச்சொல்லை இடுங்கள்" என்று கடிதம் வந்தால், அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். அலுவலகத்தில் பொறுப்பானவரை நேரில் கேளுங்கள்.

இன்னொன்று. 'பாப்' என்னும் பழைய முறையில் அமைத்த கணிப்பொறி, கடிதங்களைத் தன்னிடம் இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிடக்கூடும். 'ஐமேப்' முறையில் அவை சர்வரிலேயே இருக்கும். நானறிந்த ஓர் அலுவலகத்தில் மாற்றம் வெற்றி என்று அறிவித்தார்கள். தலைமை எழுத்தர் புதுப்பெட்டியைத் திறந்தார், உள்ளே ஒன்றுமில்லை. பல ஆண்டுக் கடிதங்கள் அவர் மேசைக்கடியில் இருந்த பழைய கணிப்பொறியில் மட்டுமே இருந்தன. சர்வரிலிருந்து சர்வருக்குப் பெயர்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. நல்லவேளையாக அந்தப் பெட்டி இன்னும் காயலான் கடைக்குப் போயிருக்கவில்லை. அதிலிருந்து கடிதங்களைப் புதிய சர்வருக்கு ஏற்ற இரண்டு நாள் பிடித்தது.