எண்ணெயைத் திருப்பியனுப்பும் உதடு

லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கார் நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு சொட்டு. "கிராங்க் ஆயில் சீல் போயிருக்கும்" என்பார் மெக்கானிக். சீல் சின்னது, விலையும் குறைவு. ஆனால் பின்பக்கச் சீலை மாற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

கிராங்க் ஷாஃப்ட் இன்ஜினைவிட்டு வெளியே வரும் இடத்தில், அதைச் சுற்றி அமர்ந்திருக்கும் ரப்பர் வளையம்தான் இந்தச் சீல். அதன் உள்விளிம்பு மெல்லிய உதடுபோல் எஃகின்மேல் அழுந்தி நிற்கும். ஷாஃப்ட்டின் விட்டம் 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, உதட்டுக்கு அடியில் எஃகு மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. அதுவும் 100 டிகிரியை ஒட்டிய சூட்டில், மணிக்கணக்காக.

ரப்பர் ஏன் கருகிவிடவில்லை? ஓட்டத்தில் உதட்டுக்கும் எஃகுக்கும் நடுவே ஓர் எண்ணெய்ப் படலம் உருவாகிறது. அதன் தடிமன் ஏறத்தாழ ஒரு மைக்ரான், தலைமுடியில் எழுபதில் ஒரு பங்கு. சரி, எண்ணெய் அங்கே வரை வந்துவிட்டால் வெளியே கசிய வேண்டுமே! இங்கேதான் வடிவமைப்பின் கெட்டிக்காரத்தனம். உதட்டின் எண்ணெய்ப் பக்கச் சரிவு செங்குத்தானது. காற்றுப் பக்கச் சரிவு படுத்தாற்போல் இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வினால், ஷாஃப்ட் சுழன்று இழுக்கும்போது ரப்பரின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து, நுழைந்த எண்ணெயை உள்ளேயே தள்ளிவிடுகின்றன. சீல் தானே ஒரு குட்டிப் பம்பு. திருப்பி மாட்டினால் எண்ணெயை வெளியே இறைத்துவிடும்.

இந்தப் பம்பு வேலைசெய்ய ரப்பர் இளக்கமாக இருக்க வேண்டும். எந்த ஷாஃப்ட்டும் அச்சுப் பிசகாமல் சுழல்வதில்லை; மில்லிமீட்டரில் நூறில் சில பங்காவது ஆடும். அந்த ஆட்டத்தை உதடு நொடிக்கு 50 முறை பின்தொடர்ந்தாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் வெந்த ரப்பரால் அது முடிவதில்லை. வெப்பமும் ஆக்சிஜனும் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே புதிய முடிச்சுகளைப் போட்டிருக்கும். தயாரிப்பின்போது சேர்த்த பிளாஸ்டிசைசர் எனும் இளக்கிகள் எண்ணெயில் கரைந்து போயிருக்கும். சீல் இறுகிச் சுருங்குகிறது.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வால்வோலின் நிறுவனம், 75,000 மைல், அதாவது சுமார் 1,20,000 கிலோமீட்டர் ஓடிய இன்ஜின்களுக்கென்றே 'மேக்ஸ்லைஃப்' எண்ணெயைக் கொண்டுவந்தது. இவ்வகை எண்ணெய்களில் சீலைப் பதப்படுத்தும் பொருள்கள் உண்டு. பல எண்ணெய்களில் அவை எஸ்டர்கள். எஸ்டர் மூலக்கூறில் மின்சுமை சமமாகப் பரவியிருக்காது. சீல்களில் வெகுகாலமாகப் பயன்படும் நைட்ரைல் ரப்பரும் அப்படியே. இனம் இனத்தோடு சேர்கிறது: எஸ்டர் ரப்பருக்குள் புகுந்து, சங்கிலிகளை விலக்கி, இளக்கிகள் காலிசெய்த இடத்தில் குடியேறுகிறது. கந்தகப் பிணைப்புகள் சங்கிலிகளைப் பிடித்துவைத்திருப்பதால் ரப்பர் கரைவதில்லை, உப்பத்தான் செய்கிறது. ஊறிய கொண்டைக்கடலைபோல் இருமடங்காக வேண்டியதில்லை. சில சதவீதம் உப்பினாலே உதடு மறுபடி எஃகோடு பொருந்தத் தொடங்கும். அளவு மீறினால் ரப்பர் கொழகொழத்துக் கிழிந்துவிடும். அதனால் புதிய எண்ணெய்களில் ரப்பர் துண்டுகளைச் சூடாக ஊறவைத்து, அவற்றின் பருமனும் கடினமும் எவ்வளவு மாறுகின்றன என்று அளந்து பார்க்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் முன்கதை. பழைய கனிம எண்ணெய்களிலிருந்த அரோமாட்டிக் சேர்மங்கள், யாரும் கேட்காமலே சீல்களை லேசாக உப்பவைத்து வந்தன. பிஏஓ என்னும் செயற்கை எண்ணெய் வந்தபோது அதில் அவை இல்லை, சீல்கள் சுருங்கின. அதைச் சரிக்கட்டத்தான் பிஏஓவோடு எஸ்டரைக் கலந்தார்கள். எண்ணெய் தூய்மையானதால் வந்த குறைக்கு உண்டான மருந்து, பிறகு முதிய இன்ஜின்களுக்கும் உதவியது.

வால்வு சீல்கள் இறுகியதால் ஆயில் குடிக்கும் வண்டிக்கும் இதே வைத்தியம் கைகொடுக்கலாம். ஆனால் இது உடனே நடப்பதல்ல. மூலக்கூறுகள் ரப்பருக்குள் ஊறி இறங்க நாள் பிடிக்கும். கிழிந்த உதட்டை எந்த எண்ணெயும் ஒட்டாது. இன்னொரு வியப்பு: மெத்தென்ற அந்த ரப்பர், தன்னில் சிக்கிய தூசியின் துணையோடு, எஃகிலேயே பள்ளம் அறுத்துவிடும். அந்த நிலையில் ஷாஃப்ட்டின்மேல் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத எஃகு உறையை ஏற்றி, அதன்மேல் புதுச் சீலை மாட்டுகிறார்கள்.