இலக்கம் இருக்கிறது, நேரம் இல்லை

எனது உம்மம்மாவுக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். மாதத்திற்கு ஒரு முறை எமது ஊர் அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போய், இரத்தம் சோதித்து, டொக்டரைக் கண்டு, ஒரு மாதத்திற்கான குளிசைகளை வாங்கி வருவார். கடந்த வருடம் இரண்டு மாதங்கள் அவர் போகவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவுமில்லை. காலில் வந்த சிறு புண் ஆறாமல் இருப்பதைக் கண்ட பிறகுதான் உம்மா கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தார். ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, “அந்த லைன்ல குந்திக்கொண்டு இருக்க இனி எனக்கு ஏலாது மகள்” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கிளினிக் நாள் எங்களுக்குப் பாடசாலை விடுமுறை. நான் அவருடன் போனேன்.

சுபஹ் தொழுதுவிட்டு ஓட்டோவில் புறப்பட்டு 6 மணிக்கு வைத்தியசாலை வாசலை அடைந்தபோது எங்களுக்கு முன்னால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் நின்றார்கள். 7 மணிக்கு இலக்கத் துண்டு கொடுத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது 64. வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து முடிந்தபோது 8 மணியாகிவிட்டது. டொக்டர் வார்ட்டுகளைப் பார்த்துவிட்டு 8.30க்கு வந்தார். “வாங்க உம்மம்மா, கன்டீனில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வருவோம்” என்று கூப்பிட்டேன். “போன நேரத்தில் நம்பரைக் கூப்பிட்டால் என்ன செய்வது?” என்று வாங்கை விட்டு அசைய மறுத்துவிட்டார். 10 மணியளவில் அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. பையிலிருந்த பிஸ்கட்டைக் கொடுத்தேன். 64ஆம் இலக்கத்தைக் கூப்பிட்டபோது 11.40. உள்ளே இருந்தது மூன்று நிமிடம். அதன் பிறகு மருந்துக்கு இன்னொரு வரிசை.

நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. அந்த டொக்டர் ஒரு கோப்பை தேநீர் குடிக்கக்கூட எழும்பியதை நான் காணவில்லை. அப்படியானால் அந்த ஆறு மணித்தியாலத்தை உம்மம்மாவிடமிருந்து எடுத்தது எது? வீட்டுக்கு வந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எமது நாட்டில் யாரும் எந்த அரசாங்க வைத்தியசாலைக்கும் போகலாம். கடிதமோ பதிவோ தேவையில்லை, பணமும் கொடுக்க வேண்டியதில்லை. பல நாடுகளில் ஏழைகளுக்குக் கிடைக்காத உரிமை இது. ஆனால் இதனால், வெளிநோயாளர் பிரிவுக்கு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று வைத்தியசாலைக்கு முன்கூட்டியே தெரியாது. காய்ச்சல் திகதி பார்த்து வருவதில்லையே. அங்கே வரிசை இருப்பதை விளங்கிக்கொள்ளலாம்.

கிளினிக் அப்படியல்ல. இன்று யார் வருவார்கள் என்று வைத்தியசாலைக்குத் தெரியும். ஏனென்றால் ஒவ்வொருவருடைய கொப்பியிலும் திகதியை எழுதிக் கொடுத்ததே வைத்தியசாலைதான். எழுதாமல் விட்டது நேரத்தை மட்டும். ஆகவே எல்லோரும் ஒரே விடியற்காலையில் வருகிறார்கள். பிந்தி வந்தால் இலக்கம் பிந்தும் என்ற பயத்தில் ஒவ்வொரு மாதமும் இன்னும் சற்று முந்தி வருகிறார்கள். எல்லோரும் முந்தினால் யாருக்கும் இலாபமில்லை.

இதை ஒரு சிறிய கணக்காகப் பார்ப்போம். ஒரு டொக்டர், நூறு நோயாளிகள், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். டொக்டருக்கு 300 நிமிடம், அதாவது ஐந்து மணித்தியால வேலை. அவர் 8.30க்குத் தொடங்கினால் 1.30க்கு முடிப்பார். நூறு பேரும் 6 மணிக்கே வந்தால், முதலாமவர் இரண்டரை மணித்தியாலமும், கடைசியாக இருப்பவர் ஏறக்குறைய ஏழரை மணித்தியாலமும் காத்திருப்பார்கள். சராசரி ஐந்து மணித்தியாலம். நூறு பேருடையதையும் கூட்டினால் 500 மணித்தியாலங்கள்.

இப்போது முதல் இருபது பேரை 8.30க்கும், அடுத்த இருபது பேரை 9.30க்கும், இப்படியே கடைசி இருபது பேரை 12.30க்கும் வரச் சொல்வோம். யாரும் ஒரு மணித்தியாலத்திற்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை. சராசரி அரை மணித்தியாலத்திற்கும் குறைவு. நூறு பேருக்கும் சேர்த்து 50 மணித்தியாலங்கள்கூட வராது. டொக்டருடைய வேலை ஒரு நிமிடமும் கூடவில்லை, புதிய டொக்டர் ஒருவரும் தேவைப்படவில்லை. காத்திருப்பு மட்டும் பத்தில் ஒன்றாகிவிட்டது.

இது புதிய யோசனையுமல்ல. நோர்மன் பெய்லி என்ற பிரித்தானியப் புள்ளிவிபரவியலாளர், வைத்தியசாலை வெளிநோயாளர் வரிசைகளைப் பற்றி 1952ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். டொக்டர் ஒரு நிமிடமும் சும்மா இருக்கக்கூடாது என்பதற்காக நோயாளிகளை அளவுக்கதிகமாகக் காக்க வைக்கிறார்கள் என்பதை அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். தொடக்கத்தில் இரண்டு பேரை வரச் சொல்லிவிட்டு, ஒருவரைப் பார்ப்பதற்குச் சராசரியாக எடுக்கும் நேர இடைவெளியில் மற்றவர்களை வரச் சொன்னால் இரு பக்கமும் பெரிதாக நட்டப்படாது என்பதே அவருடைய யோசனை.

நடைமுறையில் சில சிக்கல்கள் உண்டு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். பஸ் பிந்தும். ஒருவருக்கு மூன்று நிமிடம் போதும், இன்னொருவருக்குப் பதினைந்து நிமிடம் தேவைப்படும். அதனால்தான் நிமிடக் கணக்கில் இல்லாமல் மணித்தியாலக் கணக்கில் பிரிக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு மணித்தியாலத்திலும் இரண்டு மூன்று இடங்களை, பிந்தி வருபவர்களுக்கும் திடீரென்று வருத்தம் கூடியவர்களுக்கும் விட்டு வைக்கலாம். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுப்பவர்கள் காலையில் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, தங்கள் நேரத்திற்குத் திரும்பி வரலாம்.

இன்னொரு விடயத்திலும் கவனம் தேவை. இப்போது தனியார் வைத்தியசாலைகளில் டொக்டரைச் சனல் பண்ணுவது போனிலேயே நடக்கிறது. எல்லாவற்றையும் அப்படி மாற்றினால் சரி என்று சிலர் நினைக்கலாம். எனது உம்மம்மாவிடம் ஸ்மார்ட் போன் இல்லை. வீட்டில் இருக்கும் ஒன்றும் வாப்பாவுடன் கடைக்குப் போய்விடும். போன் வைத்திருப்பவர் முந்தவும் இல்லாதவர் பிந்தவும் வழி செய்தால், பழைய வரிசையை விட அது அநியாயமாகிவிடும். நேரத்தைக் கொப்பியில், நோயாளிக்கு விளங்கும் மொழியில், கையால் எழுதிக் கொடுத்தாலே போதும்.

மாற்றம் முடியாத காரியமும் அல்ல. 2020இல் கொரோனாக் காலத்தில் கூட்டம் கூடக்கூடாது என்றபோது, கிளினிக் நோயாளிகளின் மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்கு வந்தன. அவசியம் என்று வந்தபோது ஒரு வழி பிறந்தது.

போன மாதம் உம்மம்மாவை 10 மணிக்கு அழைத்து வரலாமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். “7 மணிக்கு வந்தால்தான் துண்டு” என்றார். அவரில் பிழையில்லை, ஒழுங்கை மாற்றும் அதிகாரம் அவர் கையில் இல்லை. ஆனால் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் எமது ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். மேலேயுள்ள கணக்கை ஒரு கடிதமாக எழுதி, வாப்பாவிடம் கொடுத்து அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் ஊரிலும் இதே வரிசை இருந்தால் நீங்களும் எழுதுங்கள். நேரம் ஓர் அமானிதம் என்று எமக்குச் சொல்லித் தருகிறார்கள். ஒரு முதியவரின் நேரமும் அதில் சேர்ந்ததுதான்.

உம்மம்மாவின் புண் ஆறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கிளினிக்குக்கும் மீண்டும் போகிறார், நானோ உம்மாவோ கூடப் போவதால். அவருடைய கொப்பியில் அடுத்த திகதி எழுதப்பட்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ‘10.30’ என்று எழுதுவதற்குப் போதிய இடமும் இருக்கிறது.